திரும்பிப் பார்க்காதவன்

தூக்கி அடித்த பந்தைப் பேஸ்பால் பிட்சர் டெல்மார் ஹட்சின்ஸ் திரும்பிப் பார்த்ததே கிடையாது. இரண்டு பேர் அவுட் ஆகி, மூன்றாவது அவுட்டோடு இன்னிங்ஸ் முடியவிருக்கும்போது அடுத்தவன் பந்தை வானத்துக்குத் தூக்கினால், எவனாவது பிடித்துவிடுவான் என்று இவன் பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு அணி உட்காரும் டக்அவுட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிடுவான். பந்து இன்னும் காற்றில்தான் இருக்கும். அடித்தவனுக்கு வயிறு எரியும். இவனைப் பார்த்து அணியின் மற்ற பிட்சர்களும் அதையே பழகிக்கொண்டார்கள்.

திமிர் என்றுதான் பத்திரிகைகளில் எழுதினார்கள். திமிருக்குக் காரணம் இருந்தது. வளைகுடாவை ஒட்டிய மைதானம். மத்தியானமே பனிமூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈரக் காற்றில் பந்து ஏறும், ஆனால் போகாது. வெளிவேலியோ அடுத்த ஊரில் இருப்பதுபோலத் தள்ளி இருந்தது. வேறு எங்கே போட்டாலும் வேலியைத் தாண்டும் ஹோம் ரன்களை வாங்கிக் கட்டிக்கொள்ளும் பிட்சர்கள்கூட இங்கே ராஜாக்கள். வெளியூர் ஆட்டங்களில் டெல்மார் வாங்கிய உதையெல்லாம் அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி அவன் யோசிப்பதில்லை, அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில் அணியின் முதலாளி வேலியை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டார். ஜனங்கள் ஹோம் ரன் பார்க்கத்தான் வருகிறார்களாம். அதிலிருந்து டெல்மாருக்கு இறங்குமுகம். வயதும் முப்பத்தாறு. தோள் காலையில் எழுந்ததுமே வலிக்கத் தொடங்கும்.

அன்று ஆட்டத்துக்கு முன் மேனேஜர் பாஸ்டர்னாக் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"சுத்தி வளைக்கல, டெல். கீழ் லீக்லேருந்து ஒருத்தனைக் கூப்பிடச் சொல்லி மேலேருந்து குடையறாங்க. இன்னிக்கு நீ ஒழுங்கா போட்டா உன் இடம் உனக்கு. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி பாஸ்" என்றான் டெல்மார். கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அலுப்பு.

மூன்றாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். எதிரணியின் தடியன் ஒருவன் இடது பக்கம் உயரத் தூக்கினான். சத்தத்தைக் கேட்டதுமே டெல்மாரின் கால்கள் தாமாக இறங்கி நடந்தன. மைதானத்தின் ஓரக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் கூட்டம் சிரிப்பது காதில் விழுந்தது. பந்து புது வேலிக்கு அப்பால் விழுந்திருந்தது.

அடித்தவன் ஓடிக்கொண்டே கத்தினான்: "எங்க கிளம்பிட்ட பெரிசு? பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

மேட்டுக்குத் திரும்பி நடந்த அந்தக் கொஞ்ச தூரம் போல ஒரு தூரத்தை அவன் வாழ்க்கையில் நடந்ததில்லை. அவன் வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் ரூபன் எஸ்கலாண்டே எதிரே வந்து புதுப் பந்தைக் கையில் வைத்தான்.

"விடு. வேலி நகர்ந்தது உன் காலுக்குத் தெரியல."

"தலைக்குத் தெரியுமே, ரூபன்."

"அப்ப தலையால போடு."

போட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு, தூக்கி அடிக்க முடியாதபடி தாழ்வாகவே போட்டான். ஏழாவது இன்னிங்ஸில் அணி ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தது. இரண்டு பேர் அவுட், முதல் பேஸில் ஓடத் தயாராக எதிரணிக்காரன் ஒருவன். அதே தடியன் மறுபடி வந்து நின்றான். கை தளர்ந்து பந்து கொஞ்சம் மேலே போய்விட்டது. தடியன் விடுவானா? அதே சத்தம், அதே இடது பக்கம்.

டெல்மார் நடக்கவில்லை. திரும்பினான். வாயைத் திறந்துகொண்டு, கூட்டத்தில் ஒருவனைப்போல, பந்தையே பார்த்தான். வேலியோரம் முதுகைச் சாய்த்து எம்பிய பீல்டரின் கையுறை நுனியில் பந்து மாட்டியது. அவுட்.

டக்அவுட்டில் பாஸ்டர்னாக் முதுகில் தட்டினார். "போதும், மிச்சத்தை மத்தவங்க பாத்துக்குவாங்க. உன் இடம் உனக்குத்தான்."

டெல்மார் உட்காரவில்லை. "நான் திரும்பிப் பாத்தேன், பாஸ்."

"கவனிச்சேன்."

"பயமா இருந்துச்சு. அந்தப் பந்து மேல போன நேரத்துல குடலே நடுங்கிருச்சு. இவ்வளவு வருஷமா நான் தைரியசாலின்னு நெனச்சிட்டிருந்தேன்."

பாஸ்டர்னாக்கும் ஒரு காலத்தில் பிட்சர்தான், வேலி பக்கத்தில் இருக்கும் ஊர்களில் போட்டவர். சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு அவனைப் பார்த்தார்.

"மத்த ஊர்ல எல்லாரும் அப்படி நடுங்கிக்கிட்டேதான்யா போடறான். நீ இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கே."

ஆட்டம் ஜெயித்து முடிந்ததும், தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு உடைமாற்றும் அறையிலிருந்து நெப்ராஸ்காவில் இருக்கும் மனைவிக்குப் போன் செய்தான். வீட்டுக்கு வந்துவிடு என்று அவள் கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு? முடிஞ்சிருச்சா?" என்றாள் லொரெய்ன்.

"இல்ல. இடம் இருக்கு."

"சந்தோஷம்தானே?"

ஐஸ் உருகித் தண்ணீர் முழங்கையில் வழிந்தது. துடைக்கக்கூடத் தெம்பில்லை.

"தெரியல, லொரெய்ன். இன்னிக்குத்தான் வேலைக்கே சேர்ந்திருக்கேனாம்."