டீத்தூள் கெண்டைக்கால்

கயிறு இழுக்கற போட்டியில எங்க ஊட்டுக்காரருதான் எஸ்டேட்டுக்குக் கடைசி ஆளு. இடுப்புல கயித்தைச் சுத்திக்கிட்டு நின்னார்னா, பதினோரு வருசமா ஒருத்தரும் அசைச்சதில்லீங்க. அந்தப் பெருமைக்கே ஊட்ல தனியா சோறு போடோணும்.

போன மழைக்கு ஃபேக்டரிப் படியில வழுக்கி, இடது குதிகாலுக்கு மேல தசைநார் டப்புன்னு அறுந்துபோச்சு. தெச்சு, மாவுக்கட்டு போட்டாங்க. கட்டைப் பிரிச்சுப் பார்த்தா, அட கடவுளே, வலது கெண்டைக்கால் சுரைக்காயாட்டம் இருக்குது, இடது புடலங்காயாட்டம் தொங்குது!

"இழுக்கற வேலை இல்லீன்னா சதை கரைஞ்சு போயிருமுங்க. வேலை குடுத்தாத்தான் திரும்பும்"னாங்க பிசியோதெரபி ஜானகி. "அந்த ஒத்தைக்கால்ல நின்னு என்னைக்குக் குதிகாலைத் தூக்கறீங்களோ, அன்னைக்குக் கயித்தைத் தொடுங்க."

அஞ்சு மாசமா சுவத்தைப் புடிச்சுக்கிட்டு முக்கறாரு. மூஞ்சிதான் சிவக்குது, குதிகால் எந்திரிக்கல.

இன்னைக்கு டீமுக்கு ஆள் எடுக்கற நாளு. கேப்டன் விஜயன் ஆறடி ஆளு. ஒவ்வொருத்தர் கெண்டைக்காலையும் அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பான். காலையில பார்த்தா எங்கூட்டு டப்பாவுல டீத்தூளைக் காணோம்.

"ஏனுங்க, தூளு எங்க?"

"தீந்துபோச்சு." தோட்டத்துல அட்டை கடிக்காம இருக்கப் போடற முழங்கால் சாக்ஸை மாட்டிக்கிட்டு மனுசன் பறந்துட்டாரு. சந்தேகப்பட்டுப் பின்னாலயே போனேன்.

கிரவுண்டுல விஜயன் அமுக்கிப் பார்த்து, "வேலுசாமியண்ணா, சூப்பரா ஏறிருச்சே!"ங்கறான். அந்நேரம் பார்த்து மழை புடிச்சுது. இடது சாக்ஸுல இருந்து டிகாஷன் ஒழுகுது!

"சர்க்கரை போட்டாச்சாண்ணா?"ன்னான் விஜயன். கூட்டமே சிரிச்சுது. "இந்த வருசம் வேண்டாம்ணா, உக்காருங்க."

எம்புருசன் கண்ணு கலங்கிருச்சு. வெக்கங்கெட்ட வேலைதான், ஆனாலும் சிரிச்சவங்களை நான் முறைச்சேன்.

மறு நிமிசம் பாய்ஞ்சு விஜயன் சட்டைக் காலரைப் புடிச்சுட்டாரு. உதைக்கறதுக்கு வலது காலைத் தூக்கினாரு. அவன் உசரத்துக்கு இவருக்கு எட்டோணுமே, அதனால எம்பறாரு. நான் கீழ பார்த்தேன். இடது குதிகால் தரையில இல்லை! ரெண்டு வெரக்கடை மேல நிக்குது!

விலக்கி உட எல்லாரும் ஓடி வர்றாங்க. "யாரும் கிட்ட வராதீங்க!"ன்னு கத்தினேன். "ஏனுங்க, உட்ராதீங்க, அப்படியே புடிங்க! ஒண்ணு... ரெண்டு..."

விஜயனும் குனிஞ்சு பார்த்தான். தொண்டை நெரிபட்டுக்கிட்டே, "மூணு"ன்னான்.