ஓய்வுநாள் உருளைக்கிழங்கு

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மணி அடிக்கச் சற்று முன்னால், சபை மூப்பர் மரினஸின் மனைவி யாகோமினா கத்தியை எடுத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தாள். சீலாந்து மாகாணத்தின் அந்தத் தீவில் ஓய்வுநாளில் வேலை செய்வது பாவம் என்று, அன்றைய கிழங்கைச் சனிக்கிழமையே சீவித் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். ஜன்னல் திரை வேறு திறந்து கிடந்தது.

"என்ன பண்றே? தெருவுல ஜனம் போகுது," என்றார் மரினஸ்.

"போகட்டும். பெத்த பொண்ணைச் சபை நடுவுல நிறுத்தக் கை தூக்கினவருக்கு, கிழங்கு சீவுறதுதான் பாவமாத் தெரியுதாக்கும்."

மரினஸ் கறுப்புக் கோட்டுக்குள் சுருங்கினார். கை தூக்கியது உண்மை. மகள் பீட்டர்னெல் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றிருந்தாள். இந்த ஞாயிறு சபை முன் எழுந்து நின்று பாவத்தை ஒப்புக்கொண்டால்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று மூப்பர்கள் கூடி முடிவு செய்தார்கள். மற்றவர்கள் கை உயர்ந்ததும் இவர் கையும் உயர்ந்தது. தன்னைவிடத் தன் கைக்கு விசுவாசம் அதிகம் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

பீட்டர்னெல் தொப்பியில் ஊசியைக் குத்திக்கொண்டே கேட்டாள். "ஆரியும் நிப்பானாப்பா?"

"பிள்ளை தன்னோடது இல்லேன்னு அவன் சொல்லிட்டானேம்மா. சாட்சி கிடையாதே."

"என் சாட்சி தொட்டில்ல கத்துது."

யாகோமினா குழந்தையோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். அப்பாவும் மகளும் கோயிலுக்கு நடந்தார்கள்.

மரினஸுக்கு மூப்பர் பதவி வாய்த்ததே தவிர, உள்ளம் புதிதாகும் அந்த மறுபிறப்பு இன்னும் வாய்க்கவில்லை. அது கடவுளிடமிருந்து வர வேண்டும்; வந்தது உறுதியானால்தான் அப்பமும் ரசமும் பெறத் திருவிருந்து மேசைக்குப் போகலாம். நிரம்பிய கோயிலில் மேசைக்கு எழுந்து போவது நாலைந்து கிழவர்கள்தான். அவர்களில் ஒருவருக்குப் பால் கறக்கும்போது வந்ததாம். அதைக் கேட்டதிலிருந்து மரினஸும் மாட்டுக்கொட்டகையில் கூடுதலாக நின்று பார்த்தார். பசுதான் திரும்பிப் பார்த்தது.

பிரசங்கம் தொடங்கியதும் வழக்கம்போல் வரிசை வரிசையாகப் பெப்பர்மின்ட் மிட்டாய் கைமாறியது. ஆரி ஒன்றை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டான். பிரசங்கம் முடிந்து போதகர் பெயர் சொல்லி அழைத்தார். பீட்டர்னெல் எழுந்தாள். அத்தனை தொப்பிகளுக்கும் நடுவே அவள் தொப்பி மட்டும் உயர்ந்து நின்றது.

அப்போது மரினஸின் முழங்கால்கள் நிமிர்ந்தன. கையைப் போலவே அவையும் அவரைக் கேட்கவில்லை.

போதகர் குரலைத் தாழ்த்தினார். "மூப்பரே, உட்காருங்க. உங்களைக் கூப்பிடல."

"தெரியும் ஐயா. நாம எல்லாருமே பாவிங்கன்னு வாராவாரம் சொல்றீங்க. இவ ஒருத்தி மட்டும் நிக்கிறதுதான் எனக்குப் புரியல." மகளைக் காட்டினார். "இவளை நிறுத்தக் கை தூக்கினவன் நான். அதை ஒப்புக்கறேன்."

வேறு யாரும் எழவில்லை. எங்கோ ஒரு மிட்டாய் கடிபடும் சத்தம் கேட்டது. பாவத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று போதகர் கேட்டதற்கு மகள் "ஆமா" என்றாள். கேட்காமலே அப்பாவும் "ஆமா" என்றார்.

வாசலில் இன்னொரு மூப்பர் அவரை மறித்தார். "ஆராதனை ஒழுங்கையே கெடுத்துட்டீங்க, மரினஸ். அடுத்த ஞாயிறு சபை முன்னால நின்னு மன்னிப்புக் கேக்க வேண்டியிருக்கும்."

"இன்னைக்கு நின்னது குத்தம். அதுக்குத் தண்டனை, அடுத்த வாரமும் நிக்கணுமா?"

"கேலி பண்ற இடமா இது?"

"கேலியெல்லாம் இல்லீங்க. ஆரியையும் அப்ப நிக்கச் சொல்லுங்க, ரெண்டு பேருமா நிக்கிறோம்."

வீட்டில் கிழங்கு பாதிதான் சீவியிருந்தது. பீட்டர்னெல் நேரே தொட்டிலுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். நடந்ததை அவள்தான் அம்மாவிடம் சொன்னாள். யாகோமினா கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கும் மறுபிறப்பு வந்துருச்சா?"

"இடி, மின்னல் ஒண்ணையும் காணோம். முழங்கால்தான் வலிக்குது."

கோட்டைக் கழற்றாமலே ஜன்னலோரம் உட்கார்ந்து கத்தியை எடுத்தார். தெருவில் கோயில் ஜனம் திரும்பிக்கொண்டிருந்தது. நடை மெதுவானது; தொப்பிகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்பின.

"தோலோட பாதிக் கிழங்கும் போகுது பாருங்க," என்றாள் யாகோமினா.

"இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கேன்."

வெளிச்சம் போதவில்லை போலும். மரினஸ் திரையை இன்னும் நன்றாக விலக்கிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தார்.