என் ஜன்னலுக்கு எதிரே ஒரு டப்பா

எங்கள் தெருமுனையில் ஒரு பேனர் தொங்குகிறது: "திருடனே, மாட்டினால் போலீஸைக் கூப்பிட மாட்டோம், நாங்களே கவனித்துக்கொள்வோம்." மெக்சிகோ நகரத்தில் பாதித் தெருக்களில் இப்படி ஒரு பேனர் உண்டு. அங்கெல்லாம் அது வெறும் பேனர். எங்கள் தெருவில் நான் இருக்கிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற எல்விரா. தெருக்காவல் விசில் என் கழுத்தில்தான் தொங்கும். இரண்டாம் மாடி ஜன்னலோரம், வெள்ளை ஸ்வெட்டரும் நானுமாகக் காலைக் காபியிலிருந்து விளக்கு போடும் வரை உட்கார்ந்திருப்பேன். என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு பூனைகூடத் தெருவைத் தாண்டாது.

ஜூன் மாதம் அந்தப் புதன்கிழமை வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இரும்புக்கடை ஃபெர்மின் பேனரின் கயிற்றை இறுக்கிக் கட்ட எதிர்க் கம்பத்தில் ஏணி போட்டவர், என்னைக் கீழே வரச் சொன்னார். கம்பத்தில் ஒரு பீர் டப்பா. உடம்பெல்லாம் கறுப்பு டேப், பக்கவாட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை. அது நேராக என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது நேத்து ஒட்டினது இல்ல, டோனியா எல்விரா. டேப் மேல தூசி அப்பிக் கிடக்கு, மாசக்கணக்கா இருக்கும். நீங்க பாக்கவே இல்லையா?"

டோனியா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கொள்ளைக்காரர்கள் வீட்டுக்கு முன்கூட்டியே அடையாளம் வைப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அழைப்புமணிக்குப் பக்கத்தில் சாக்பீஸ் கோடு, கதவில் ஒரு நூல் என்று ஏதாவது இருக்கும். இது புது மாதிரி, அவ்வளவுதான்.

யார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எதிர்க் கட்டடத்து மொட்டை மாடி அறையில் போன நவம்பரில் குடிவந்த யாதிரா. பட்டப்பகலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, அதன் ஓரத்தில் சிவப்பு வெளிச்சம். குப்பையில் பொறுக்கிய காலி டப்பாக்களைப் பைநிறையக் கொண்டுபோவாள். குடிக்காத பெண்ணுக்கு எதற்கு இத்தனை பீர் டப்பா? ஒருநாள் ரொட்டிக்கடையில் என்னிடம், நாள் முழுக்க அந்த ஜன்னலில்தான் இருப்பீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அன்றைக்கு அது பாசமாகப் பட்டது. இப்போது நினைத்தால் வேவு பார்த்ததுபோல் இருந்தது.

வரும் சனிக்கிழமைக்குத் தெருக்கூட்டம் ஏற்பாடு செய்தோம். தெரு ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்காரர் அவளைக் காலி செய்ய வைப்பார். அந்த வார்த்தையைச் சொல்லவேண்டியவள் நான். ஆதாரம் வேண்டுமே என்று ஃபெர்மின் இழுத்தார். வெள்ளிக்கிழமை நண்பகலில் அவரையே ஏணியில் ஏற்றி டப்பாவை எடுக்கச் சொன்னேன். அவர் கடையின் தகரம் வெட்டும் கத்தரியால், உச்சி வெயிலில் நடைபாதையிலேயே அதைப் பிளந்தேன்.

கேமரா இல்லை, ஒயர் இல்லை. சுருண்ட தாள் ஒன்றுதான். விரித்தேன். மங்கிய ரோஜா நிறத்தில் என் கட்டடம். அதற்கு மேலே சீப்பால் வாரியதுபோல் கறுப்புக் கோடுகள் வளைந்து போயின. தெருவில் ஆள் இல்லை, வண்டி இல்லை. இரண்டாம் மாடி ஜன்னலில் மட்டும் தலையும் தோளுமாக ஒரு கறுப்புத் திட்டு.

யாதிரா ரொட்டிப் பையோடு ஓடிவந்தாள். தன் சட்டையைக் கழற்றித் தாளின்மேல் போட்டாள். உள்ளே மெல்லிய பனியன்தான் இருந்தது, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. என்மேல் கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அது போட்டோ தாளாம். டப்பாதான் கேமரா, ஓட்டைதான் கண். டிசம்பரிலிருந்து ஜூன் வரை ஒரே படம். ஒவ்வொரு கோடும் ஒரு நாள் சூரியன்; வெளுப்பானது இதில் கறுப்பாக விழுமாம். ஞாயிற்றுக்கிழமை கழற்றிக் கண்காட்சிக்கு அனுப்ப இருந்தாளாம். வெயில் பட்டால் தாள் முழுக்கக் கறுத்துவிடுமாம்; அதனால்தான் அவள் அறையில் கறுப்புத் துணியும் சிவப்பு விளக்கும்.

"அப்ப ஜன்னல்ல இருக்கறது யாரு?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"அசையறது எதுவும் இதுல விழாது, டோனியா. பஸ், நாய், நான், யாருமே விழல. ஆறு மாசமா அதே எடத்துல இருந்தது நீங்க மட்டுந்தான்."

சட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தோம். சுவர் கரைந்துவிட்டது. பிறகு ஜன்னலும் திட்டும் ஒரே பழுப்பாகிப் போயின. முதலில் பயமாக இருந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது, இவளிடம் மட்டுமல்ல, என்னிடமே.

சனிக்கிழமை கூட்டத்தில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். டப்பாவில் என்னதான் இருந்தது என்று கேட்டார்கள்.

"ஒரு கிழவி இருந்தா," என்றேன். "அந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டும்."

ஞாயிறு காலை அதே கம்பத்தில் புது டப்பா ஒட்ட வந்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுல நான் விழாம இருக்க என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் வேணாம். எறங்கி நடங்க, போதும்."

அண்ணாந்து பார்த்தேன். என் ஜன்னலில் நாற்காலி மட்டும் இருந்தது.