நகராத கோடு

இரண்டு மணிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. ஒன்றரை மணிக்கு எங்கள் துறைத் தலைவர் என் வரைபடத்திலிருந்த சிவப்புக் கோட்டை எடுத்துவிடச் சொன்னார். என்னைவிட எட்டு வயது சின்னவர். காரியம் ஆக வேண்டுமென்றால்தான் அக்கா என்பார்.

"அக்கா, கோடு வேணாம். அந்த இடத்துல மெதுவா வெளுத்துப் போற மாதிரி ஒரு நிறம் போட்டுடுங்க."

அந்தக் கோடு என் முப்பது வருடம். ஹிக்ஸ் துகளின் நிறை ஏன் இவ்வளவு குறைவு? கணக்குப்படி இரண்டு பிரம்மாண்டமான எண்கள் ஒன்றையொன்று விழுங்கிவிட்டுக் கடுகளவு மிச்சம் வைக்கின்றன. எங்கெங்கிருந்தோ வந்த இரண்டு லாரிகளை எடைமேடையில் ஏற்றினால் வித்தியாசம் ஒரே ஒரு கடுகு என்பது போல. தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இயல்பாக நடக்கிற காரியமா இது? புதுத் துகள்கள் இருந்து சமன் செய்கின்றன, இந்த ஆற்றல் அளவுக்கு நான் போட்ட கோட்டுக்குள் அகப்படும், அகப்படாவிட்டால் நான் சொன்னது தப்பு என்று எழுதினேன்.

அகப்படவில்லை. கோட்டை வலப்பக்கம், இன்னும் அதிக ஆற்றலுக்கு, நகர்த்தினேன். மறுபடி தேடினார்கள், மறுபடி நகர்த்தினேன். மூன்று வரைபடங்களும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன, மூன்றிலும் என் கையெழுத்து. யாரும் கேட்கவில்லை, எங்கள் துறையில் எல்லோரும் செய்கிறதுதான். வெட்கக்கேடு.

இனிக் கட்டப்போகும் மோதுவிப்பான், துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் இயந்திரம், ஒரு நகரத்தையே சுற்றி வரும். அதைக் கட்டலாமா என்று இன்று வரும் குழுதான் முடிவுசெய்யும். கோடு இல்லாவிட்டால், அது எதையும் கண்டுபிடிக்காவிட்டாலும் நாங்கள் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்வோம்.

"இதப் பாத்துட்டு, கட்டவே வேணாம்னு குழு சொல்லிட்டா?" என்றார் தலைவர்.

"தோக்கவே முடியாத சோதனைய எதுக்குக் கட்டணும்?"

"முடிவு வர்றப்போ நீங்க இருக்கவே மாட்டீங்க அக்கா."

"அதனாலதான் இப்பவே போடுறேன். கோட்ட நகத்த நான் இருக்க மாட்டேன்ல?"

குழு உட்காரப்போகும் அறைக்குப் போய், பெரிதாக அச்சடித்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன். அழியாத சிவப்பு மை மார்க்கரால், அளவுகோல் வைத்து, அந்தக் கோட்டின் மேலேயே இரண்டு முறை அழுத்தி இழுத்தேன். கீழே தேதி, கையெழுத்து. பயமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

பின்னாலேயே வந்த தலைவர், தாளைக் கிழித்தெடுத்தார்.

மை சுவரில் இறங்கியிருந்தது. கோடு, தேதி, என் பெயர், எல்லாம். கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தார். கைக்குட்டைதான் சிவந்தது.

நடையில் காலடிச் சத்தம் கேட்டது. சுவரிலிருந்த கோட்டை மறைக்காதபடி என் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன்.