ஆவிப் பிளவருகே ஒரு பச்சை

எரிமலை கக்கி, கடலிலிருந்து எழுந்த தீவு அது. அங்கே மனிதர் கையால் ஒரு விதைகூட விழக்கூடாது. காற்றும் அலையும் பறவையும் கொண்டுவருவதை மட்டும் பார்த்து எழுத வேண்டும். அதனால்தான் ஐஸ்லாந்துக் கரையில் படகேறுமுன் எல்லோருடைய சட்டைப்பையையும் வெளியே இழுத்துத் தட்டுவார், பாறை ஆய்வாளர் தோர்கெல். அவருடைய பையைத் தட்டிப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்?

செடிகளை ஆராயும் சோல்வெய்க்குக்கு இத்தனை கோடைகளில் ஒரு புது இனமும் அகப்படவில்லை. இன்று கருஞ்சாம்பல் சரிவில், இலை இழையிழையாகப் பிரிந்த ஒரு செடி! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடற்பறவையின் எச்சத்தில்தான் வந்திருக்கும் என்று ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள். மூக்குப்பொடியை விட்டதிலிருந்து தோர்கெல் ஓயாமல் மென்றுகொண்டிருக்கும் சீமைச் சோம்பின் வாசனை.

குடிலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவரிடம் நேரே போனாள்.

"இது உங்க சோம்புதானே?"

"ஏம்மா, பறவைக்கு வயிறு உப்பாதா? அதுவும் மென்னிருக்கும்."

"விளையாடாதீங்க. எங்க பையையெல்லாம் உதறிட்டு, நீங்க பை நிறைய சோம்போட வந்தீங்களா?"

அவர் சிரிப்பு அடங்கியது. "ஒண்ணு ரெண்டு சிந்தியிருக்கும். வெளியே தெரிஞ்சா இனி இங்க கால் வைக்க விடமாட்டாங்க, சோல்வெய்க். மேலே அந்த ஆவிப் பிளவு புகைய ஆரம்பிச்சதிலேர்ந்து நான்தானே சூடு அளக்கிறேன்? பிடுங்கிப் போட்டுடு. யாருக்கு என்ன நஷ்டம்?"

கோபம் பொங்கியது; அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. போய் வேரோடு பிடுங்கினாள். கம்பியில்லாக் கருவியில் கரையிலிருந்து, "புதுசா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல," என்றாள். தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

படகு வரும் நேரம். "பிளவுகிட்ட வெப்பமானியை விட்டுட்டேன், எடுத்துட்டு வாம்மா. முழங்கால் மடங்கல," என்றார் தோர்கெல்.

ஆவி கசியும் பிளவருகே, அவர் வழக்கமாக உட்காரும் பாறை. சுற்றிலும் சூடும் ஈரமுமான இடுக்குகள் எல்லாவற்றிலும் அதே இலை. பாறையை மட்டுமே பார்க்கும் அவர் கண்ணில் அது படவே இல்லை போலும். நடுவே போன கோடையில் பூத்து முற்றிய ஒரு தண்டு, விதையெல்லாம் உதிர்ந்து காய்ந்து நின்றது. காற்று அங்கிருந்து தீவின் மறுபக்கம் நோக்கி வீசிக்கொண்டிருந்தது. இனி எதைப் பிடுங்குவது?

அவள் கம்பியில்லாக் கருவியை எடுப்பதைக் கீழேயிருந்து பார்த்த தோர்கெல், வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். சோல்வெய்க்குக்குக் கண் கலங்கியது. பொத்தானை அழுத்தினாள்.

"சோல்வெய்க் பேசுறேன். கொஞ்சம் முன்னாடி நான் சொன்னது பொய்."