ரபியாவின் சட்டை

அண்ணன் சைபுதீன் பெரிய மனுஷனாகித் தொலைக்காமல் இருந்திருந்தால், பத்ருன்னிசா தன் பாட்டுக்கு இருந்திருப்பாள். கட்டடம் வரைகிறவன் அவன். டில்லியிலும் பம்பாயிலும் அவன் கட்டியது நிற்கிறதென்று பேப்பரில் படம் போட்டார்கள். எண்பத்து மூன்றில், எறணாகுளத்தில் புதிதாகத் திறக்கப்போகிற மியூசியத்தில் அவனுக்கென்றே ஓர் அறை ஒதுக்கினார்கள். அவன் சின்ன வயதில் வரைந்தவை, பார்த்துக் கற்றுக்கொண்டவை எல்லாம் அங்கே வைப்பார்களாம்.

அதற்காகத்தான் மியூசியத்து லக்ஷ்மிநாராயணன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்தார். சாயா ஆறுகிறது, குடிக்கிற வழியைக் காணோம். எதிர்த்த, மிளகு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் சன்னலைப் படமெடுத்தார், மச்சுக்கு ஏறும் மரப்படியைப் படமெடுத்தார். அந்தப் படியில் ஏறி இறங்கியே முட்டி தேய்ந்தவள் இவள். இவளை யார் படமெடுக்கப்போகிறார்கள்!

"ஆரம்பத்துல வரைஞ்சதெல்லாம் இங்கே பெட்டியில இருக்குன்னு சார் சொன்னாரே, அம்மா?"

பத்ருன்னிசா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டி இருக்கிறது, வரைந்தது எங்கே இருக்கிறது? எழுபத்திரண்டு மழையில் மகள் ரபியா பிறந்தாள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, வெளுத்து வெளுத்து மெத்தென்று ஆனதைத்தான் போட வேண்டும். பிள்ளை நனைக்கிற வேகத்துக்குப் பழந்துணி கட்டுப்படியாகவில்லை. அண்ணன் அந்தக் காலத்தில் வரைந்ததோ காகிதத்தில் இல்லை, கஞ்சியில் விறைத்த மெல்லிய நீலத் துணியில். வெந்நீரில் ஊறப்போட்டால் கஞ்சியும் மையும் போய் மல்துணி மாதிரி ஆகிவிடும். அத்தனையையும் துவைத்துச் சட்டை தைத்துவிட்டாள். ஊருக்கு வந்த அண்ணனே பார்த்துச் சிரித்தான், "என் மருமக என் கட்டடத்துக்குள்ளேயே குடியிருக்கா" என்று. அதையே மறந்துவிட்டுத்தான் இப்போது பெட்டியில் இருக்கிறது என்கிறான்.

பல் முளைக்குமுன்னே ரபியா காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே ஒரு சட்டை மிஞ்சியது. அதன் முதுகில் மை முழுக்கப் போகாமல் ஒரு மாடிப்படி மங்கலாகத் தெரிந்தது.

எல்லாவற்றையும் பாழாக்கினவள் என்ற பேர் வேண்டாமே என்றுதான் அதை எடுத்துக் காட்டினாள். பாவி, காட்டியிருக்கவே கூடாது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் முதமுதல்ல வரைஞ்ச படி இது, பத்ரு. கொடுத்துடு."

"அவளோடதுன்னு எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு, அண்ணே."

"உன் அலமாரியில பூச்சி அரிச்சுப்போகும். அங்கேன்னா காலத்துக்கும் இருக்கும்."

"கண்ணாடிக்குள்ள பத்திரமா இருக்கும்மா" என்றார் லக்ஷ்மிநாராயணன். "எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க."

படித்த ஆம்பிளைகள் ரெண்டு பேர் மாறிமாறிச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? சரி என்று அவள் சொல்லவேயில்லை. மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதற்குள் சட்டை ஒரு கவருக்குள் போய்விட்டது.

திறப்பு விழாவுக்குக் காயல் தாண்டிப் போட்டில் போனாள். சட்டையைப் பார்க்கத்தான் போனாள், வேறெதற்கு? வீட்டு மரப்படி சுவரில் இருந்தது, கிட்டங்கிச் சன்னல் இருந்தது, சட்டையை மட்டும் காணோம். அண்ணன் கையைப் பிடித்து ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நிறுத்தினான்.

"பாரு பத்ரு, படி எவ்வளவு தெளிவாத் தெரியுது!"

உள்ளே ஒரு துண்டுத் துணி தேய்த்து விரித்துக் கிடந்தது. கை இல்லை, கழுத்து இல்லை, பின்னால் கட்டுகிற நாடாவும் இல்லை. ஓரமெல்லாம் ஊசி குத்தின பொட்டுப்பொட்டான ஓட்டை. கீழே மலையாளத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிற்காலத் தையலால் ஏற்பட்ட சேதம் நீக்கப்பட்டது என்று போட்டிருந்தது.

கத்தி அழ வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் பெரிய மனுஷர்கள், கையில் மாலைகள். லக்ஷ்மிநாராயணன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"சார், அந்தக் கை ரெண்டும் எங்கே?"

"அதுல படம் ஒண்ணும் இல்லையேம்மா. தூக்கிப் போட்டிருப்பாங்க."

"நூலு?"

"பழைய நூல் எதுக்கும்மா?"

"அது நான் போட்ட தையல்" என்றாள் பத்ருன்னிசா.

அதற்குள் மைக்கில் அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். லக்ஷ்மிநாராயணன் கைதட்டிக்கொண்டே அந்தப் பக்கம் ஓடினார்.