கொப்பரைக்குள் யாரும் இல்லை

சோப்புத் தொழிற்சாலையில் அவனுக்கு டிஜிட்டல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. பாட்டுப் பாடும் கைக்கடிகாரத்தை முதன்முதலில் கட்டிக்கொண்டு வந்தவன் என்பதால் தொழிலாளர்கள் வைத்தது இது. எதிரே நின்றால் சார், முதுகைத் திருப்பினால் டிஜிட்டல்.

அவன் கொப்பரைக் கூடத்து மேற்பார்வையாளன். அங்கே சோப்புக் காய்ச்சும் கொப்பரைகள் ஒவ்வொன்றும் இரண்டு மாடி ஆழம். கழுவும் நாளில் மேல்வாய் வழியாக ஆட்கள் ஏணியில் இறங்கி, சுவரில் ஒட்டிய பழைய சோப்பைச் சுரண்டுவார்கள். எல்லோரும் ஏறி வந்த பிறகுதான் பாய்லர்க்காரர் ஆவியைத் திறப்பார். யாராவது உள்ளே இருக்கும்போது திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அங்கே யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

அதற்காகவே ஒரு வழக்கம் இருந்தது. இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொப்பரை வாயருகே இருக்கும் ஆணியில் தானே மாட்டுவான், ஏறி வந்ததும் தானே எடுப்பான். வில்லை தொங்கினால் ஆவி கிடையாது. டிஜிட்டலுக்கு இது கற்கால வேலையாகப் பட்டது. வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு மின்னணு டயரி வாங்கினான். ஆணிகளைப் பிடுங்கச் சொன்னான். இனிமேல் இறங்குகிறவர் பேரை அவன் அதில் ஏற்றுவான். ஏறி வந்தவர் பேர்மேல் அதோடு வந்த குச்சியால் தட்டினால் பேர் மறைந்து, அடுத்த பேர் மேலே வரும். பட்டியல் காலியானால் கொப்பரையும் காலி.

முதல் வாரம் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். பிறகுதான் அதன் லட்சணம் தெரிந்தது. நாம் எழுதுவது அதற்குப் புரியாது, அதற்குப் புரிகிற மாதிரி நாம்தான் எழுதப் பழக வேண்டும். வெயிலில் ஒன்றும் தெரியாது, நிழலில் பாதி தெரியும். பேட்டரியைக் கடலை மாதிரி தின்றது. தட்டினால் உடனே அசையாமல் ஏதோ யோசிக்கும். ஆனால் இதை யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னால் ஃப்ரிட்ஜ் கதை மறுபடி தொடங்கும். கூடத்தில் சொன்னால் சிரித்தே கொன்றுவிடுவார்கள். யார் கேட்டாலும் "சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொள்வான்.

அன்று இரண்டாம் கொப்பரையில் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். அவர்களில் அவன் மனைவியின் தம்பியும் ஒருவன். கையைக் காலைப் பிடித்து அவனை வேலையில் சேர்த்துவிட்டதே டிஜிட்டல்தான். மதியம் ஆட்கள் ஒருவர்பின் ஒருவராக ஏறி வர, இவன் தட்டிக்கொண்டே இருந்தான். நடுவில் திரை கல்லாய்ச் சமைந்து நின்றது. எரிச்சலில் இன்னொரு தட்டு தட்டினான். சற்று நேரத்தில் பட்டியல் சுத்தமாகிவிட்டது. இன்டர்காமை எடுத்தான்.

"ரெண்டாவது காலி. தொறந்துடுங்க."

"சரி சார், பாத்துட்டுத் தொறக்கறேன்" என்றார் பாய்லர்க்காரர்.

கை கழுவும் குழாயடிக்குப் போனபோது ஆட்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். மச்சினனைக் காணோம்.

"எங்கய்யா அவன்?"

"மூலையில கொஞ்சம் ஒட்டியிருக்கு, சுரண்டிட்டு வரேன்னான் சார்."

டிஜிட்டலுக்குச் சட்டென்று பிடிபட்டது. அந்த இரண்டாவது தட்டு. முதல் தட்டை அந்தச் சனியன் மெதுவாக விழுங்கி ஒரு பேரை மறைத்திருக்கிறது, மேலே ஏறி வந்த அடுத்த பேரை இரண்டாவது தட்டு மறைத்திருக்கிறது. இன்டர்காமுக்கு ஓடினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பாய்லர் அறை கூடத்தின் மறுகோடியில் இருந்தது. கொப்பரையோ பக்கத்திலேயே இருந்தது. படிகளில் தாவி ஏறி, வாயருகே குப்புறப் படுத்துக் கத்தினான். பம்ப் இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. உள்ளே ஒரே இருட்டு. மயங்கிக் கிடக்கிறானோ என்று நினைத்த மாத்திரத்தில் கால் ஏணியில் இருந்தது.

அடியில் சோப்புச் சகதி. முட்டி போட்டு, குருடனைப் போல் சுவரைத் தடவித் தடவிப் போனான். ஒரு மூலை, அடுத்த மூலை. ஆவி வரும் குழாய்ச் சுருளின் அடியில்கூடக் கையை விட்டுப் பார்த்தான். ஆள் இல்லை. உயிர் போய் உயிர் வந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தபோது காலடியில் டக் டக்கென்று குழாய் முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு முழங்காலில் சூடு.

தான் உள்ளே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆட்களின் பேர்தான் ஏற்றுவான், தன் பேரை ஏற்ற வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. மேற்பார்வையாளர்கள் கொப்பரைக்குள் இறங்குவதில்லை. ஏணியைத் தேடிப் பிடித்தான். சோப்புக் காலால் ஒரு படி ஏறினால் இரண்டு படி வழுக்கியது. கீழே சீறல் பெருத்தது. அம்மா, அம்மா என்று வாய் பிதற்றியது. உடம்பெல்லாம் உதறியதில் பிடி நழுவியது. மேலே தெரிந்த வட்ட வெளிச்சத்தை ஆவி மூட ஆரம்பித்தது. அந்த ஆவிக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவன் சட்டைக் காலரைப் பற்றி இழுத்தது.

மச்சினன்தான். வெளியே தள்ளிவிட்டு, இன்டர்காமுக்கு ஓடி, ஆவியை மூடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினான். சீறல் அடங்கியது. டிஜிட்டலின் கணுக்காலில் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"எங்கடா போன நீ?"

"ஏறி வந்து பாய்லர்க்காரர்கிட்ட மூஞ்சிய காட்டிட்டு வந்தேன் அத்தான். குழாயடியில நீங்க என்னைத் தேடி இந்தப் பக்கம் ஓடுனதா சொன்னாங்க."

"மூஞ்சியக் காட்டவா?"

மூச்சிரைக்க ஏறி வந்த பாய்லர்க்காரர் பதில் சொன்னார்.

"இறங்கறவங்க, ஏறினவங்க எல்லாரும் எங்கிட்ட வந்து மூஞ்சி காட்டுவாங்க சார். கடைசி ஆள் வரலைன்னுதான் நீங்க சொல்லியும் தொறக்காம ரூம் வாசல்ல போய் நின்னேன். உங்க மச்சினன் வந்தான். எல்லாரும் வந்தாச்சேன்னு தொறந்துட்டேன். நீங்க உள்ள இருப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

"எப்பலேருந்து நடக்குது இது?"

அதற்குள் குழாயடியிலிருந்து ஆட்களும் ஓடி வந்து சூழ்ந்திருந்தார்கள்.

"அந்த மெஷின் வந்த நாள்லேருந்து அத்தான்" என்றான் மச்சினன். "சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு எல்லாருமா விட்டுட்டோம்."

சங்கடமா? அன்றைக்குச் சொல்லியிருந்தால் தையத்தக்கா என்று குதித்திருப்பான். அது அவனுக்கும் தெரியும், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். மச்சினன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, திடீரென்று குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தான்.

"அக்காகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லியிருப்பேன்?"

டிஜிட்டலுக்கு அவன் தோளைத் தொடக்கூடக் கை எழவில்லை. பாய்லர்க்காரரை அண்ணாந்து பார்த்தான்.

"இனிமே என் மூஞ்சியையும் பாத்து வெச்சுக்குங்க" என்றான்.

பாய்லர்க்காரர் குனிந்து அவன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.